எல்லை தாண்டும் பிள்ளைக்கும் சோறு

1877 ஜூலை 11. பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கிய நாள். போடிநாயக்கனூரில் நின்று மேற்கே அண்ணாந்து பார்த்தால் ஊரை மறித்து நிற்கிற மலைச்சுவர் தெரியும். அதற்கு அப்பால் கிடக்கிற நிலம் அது. காடு வெட்டித் தோட்டம் போட அங்கே ஆள் வேண்டியிருந்தது.

அதே ஜூலையில் மலைக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலம் முதல் பேச்சில் இருக்கிற பஞ்சம். 1876-இல் மழை பொய்த்தது; மறு வருஷமும் கைவிட்டது. 1878-இல் அது ஓய்வதற்குள் தென்னிந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மேலே ஆள் தேடும் தோட்டங்கள் முளைத்தன. கீழே கஞ்சி தேடும் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. இந்த இரண்டும் சந்தித்த இடங்களில் ஒன்று இந்த மலைச்சரிவு.

அன்று முதல் இன்று வரை ஒன்றரை நூற்றாண்டாக இங்கே மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பசித்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது? என்ன நிபந்தனையின் பேரில் போடுவது? அந்தப் பிள்ளை இடம் மாறினால் சோறும் கூடப் போகுமா? முதல் இரண்டுக்கும் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க பதில் கண்டிருக்கிறது. மூன்றாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதில் காணாத வரை முதல் இரண்டு பதில்களும் அரைகுறையாகவே நிற்கும்.

பஞ்ச நிவாரணத்தின் வரலாறு நமக்கு முதலில் கற்றுக்கொடுப்பது நிபந்தனையின் கொடுமையை. 1873-74-இல் பீகாரில் வறட்சி வந்தபோது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து தாராளமாக அரிசி வரவழைத்தார். பட்டினிச் சாவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. அதற்குக் கிடைத்த பரிசு, அரசாங்கப் பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம். 1877 ஜனவரியில் அதே டெம்பிளைத்தான் மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இந்தமுறை அவர் சிக்கனத்தோடு வந்தார். நிவாரண வேலைக்கு வருகிற ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. கல்லுடைக்கிற, மண் சுமக்கிற உடம்புக்கு அரைக் கிலோகூட வராத தானியம்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். உழைக்கிற உடம்புக்கு இந்த அளவு போதாது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். நிவாரண முகாம்களிலிருந்த ஜனங்களே அந்தக் கூலியை ஏற்க மறுத்தார்கள். பிறகு அளவு கொஞ்சம் கூட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் மேயர் நிதி திரட்டக் கோரிக்கை விடுத்து, கடல் கடந்து நன்கொடை வந்தது. ஆனால் அந்த உதவி வந்து சேர்வதற்கு முன்பே காலம் கடந்துவிட்டது. பசி ஒரு பிள்ளையின் உடம்பில் தங்கும் கால அளவும் ஓர் அரசாங்கக் கோப்பு மேஜை மாறும் கால அளவும் ஒன்றல்ல என்பதை அந்தப் பஞ்சம் காட்டியது. பிறகு 1880-இல் பஞ்சக் குழு அறிக்கை தந்தது; பஞ்சக் கால நடைமுறைகள் விதிகளாக எழுதப்பட்டன. உதவி என்பது அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே எழுதிவைத்த விதியாக இருக்க வேண்டும் என்ற பாடம் அப்போது பதிவாயிற்று.

பஞ்சத்தின் இன்னொரு விளைவு நம் கண்முன்னே இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பல பத்தாண்டுகளாகக் காகிதத்தில் கிடந்தது. தாது வருஷத்துச் சாவுகள்தான் அதற்கு உயிர் கொடுத்தன. 1887-இல் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கி, 1895-இல் முல்லைப் பெரியாற்றின் நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஆற்றை ஒட்டிய வயல்கள் இருபோகம் கண்டன. மலையடிவாரத்தில் போடி, தேவாரம், கோம்பை பக்கத்து மேட்டு நிலங்களோ மானாவாரியாகவே நீடித்தன. மழை பார்த்து விதைக்கிற அந்தச் சம்சாரிகளும் நிலமில்லாக் கூலிகளும் மழை ஏமாற்றிய வருஷங்களில் அண்ணாந்து பார்த்தார்கள். மலை வேலை கொடுத்தது. 1897-இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடு என்று அறிவித்த பெரும்பரப்பு முழுக்க, அடிவாரத்துத் தமிழ்க் கைகள் ஏலக்காய் எடுத்தன. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப்போனார். குடும்பம் லயம் என்ற வரிசை வீட்டில் தங்கியது. பிள்ளைகளும் கூடவே போனார்கள், அல்லது ஊரில் கிழவியோடு விடப்பட்டார்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி அன்றைக்கும் இல்லை.

இந்தச் சரிவில் அவர்களுக்கு முன்பே குடியிருந்தவர்கள் முதுவரும் பளியரும். முதுவர் தங்களை மதுரையிலிருந்து மலையேறியவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் அழிந்தபோது தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அக்கதையை வரலாற்று ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு நடப்பது இந்த மலையின் மிகப் பழைய நினைவு என்பதை அது சொல்கிறது.

1924-இல் இரண்டு சம்பவங்கள். ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழை மூணாறு பக்கத்தைப் புரட்டிப் போட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில்பாதை அடித்துச் செல்லப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவந்த வழி அது. அந்த வருஷமே செப்டம்பரில், ஜெனீவாவில் கூடிய சர்வதேச சங்கம், குழந்தைகளின் உரிமை பற்றிய முதல் பிரகடனத்தை ஏற்றது. அதை எழுதியவர் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி. முதல் உலகப் போருக்குப் பின் எதிரி நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைக் கண்டு, 1919-இல் ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பைத் தொடங்கியவர். எதிரியின் பிள்ளைக்கு ஏன் சோறு என்று சொந்த நாட்டிலேயே அவரைக் கேட்டார்கள். இனமும் நாடும் மதமும் பார்க்காமல் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற கொள்கை அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது. ஜெனீவாவின் பிரகடனம் மூணாற்று லயங்களுக்கு அன்று போய்ச் சேரவில்லை. ஆனாலும் பசித்த பிள்ளையின் பொறுப்பு பெற்றோருக்கும் முதலாளிக்கும் மேலாக மனித குலத்துக்கே உண்டு என்று உலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். 1946 டிசம்பரில் யுனிசெஃப் பிறந்தது. 1949 முதல் இந்தியாவில் அதன் பணி நடக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும், பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் பட்டினியில் விழுந்தது. காட்டைத் திருத்தி உணவு விளைவிக்க அரசே ஊக்கம் கொடுத்தது. சமவெளி விவசாயிகள் ஏலமலைக்கு ஏறினார்கள். ஐம்பதுகளில் தேவிகுளம், பீருமேடு வட்டாரங்களில் அரசே குடியேற்றத் திட்டம் நடத்தியது. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது, முன்பே மதராஸுக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லையாக இருந்த மலைமுகடு இரண்டு மொழிகளின் மாநிலங்களுக்கு எல்லையாயிற்று.  போடிமெட்டு ஏறுகிறவர் ஒரு மொழியின் மாநிலத்தை விட்டு இன்னொரு மொழியின் மாநிலத்துக்குப் போகிறவரானார். காய் எடுக்கும் கைகளுக்கு இதில் பெரிய மாற்றமில்லை. ரேஷன் அட்டைக்கும் பள்ளிப் பதிவேட்டுக்கும் சத்துணவுத் தட்டுக்கும் அது பெரிய மாற்றமாக முடிந்தது.

அதே மலையில் 1961-இல் இன்னொரு வெளியேற்றம். இடுக்கி அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சொல்லி அய்யப்பன்கோவிலில் குடியிருந்த மலையாளி விவசாயக் குடும்பங்களை அரசு கிளப்பியது. குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஜூன் மாதத்து மழை, மேலே கூரை இல்லை, கையில் பிள்ளைகள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே போய் உண்ணாவிரதம் உட்கார்ந்த பிறகே அரசு பேச்சுக்கு வந்தது. கம்பத்திலிருந்து குமுளி அதிகத் தூரமில்லை. மலை யாரை வேண்டுமானாலும் அகதியாக்கும், அதற்கு மொழி தெரியாது என்பதை அமராவதி நமக்குச் சொல்கிறது.

இனி தமிழ்நாடு கண்ட பதிலுக்கு வருவோம். 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. 1956-இல் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவைக் கையில் எடுத்தார். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் விறகும்தான் மூலதனம். அறுபதுகளில் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு அனுப்பிய பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் பள்ளிகளுக்கு வந்தன. இரண்டு கைகள் குலுக்கும் படம் போட்ட எண்ணெய் டின்னை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அந்த உதவிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கூடவே, கப்பல் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் இல்லை என்ற நிலை நிரந்தர ஏற்பாடு ஆகாது என்பதையும் அந்தக் காலம் உணர்த்தியது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கண்டி மலைநாட்டில் பிறந்து, தகப்பனை இழந்து, கடல் கடந்து வந்த குடும்பத்தில் பசியோடு வளர்ந்த பிள்ளை அவர். அந்தப் பசிதான் இந்தத் திட்டத்துக்குக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கஜானா தாங்குமா என்று பொருளாதார வல்லுநர்கள் கேட்டார்கள். கஜானா தாங்கியது, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். பின்னர் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்க ஆணையிட்டபோது, தமிழ்நாடு நாற்பத்தைந்து ஆண்டுகளாக நடந்து பழகிய பாதையில் மற்ற மாநிலங்கள் காலெடுத்து வைத்தன. 2022 செப்டம்பர் 15-இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்தது, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மோதின. அடுப்பை யாரும் அணைக்கவில்லை. இந்த நூறாண்டில் நம் அரசியல் சாதித்தவற்றில் இதைவிட உயர்ந்தது அதிகமில்லை.

போடி பகுதிக்கு இந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விடியற்காலையில் பார்த்தால்தான் விளங்கும். காய் எடுப்புக் காலத்தில் இருட்டு பிரிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, இடுப்பில் சொருகிய சாக்குத் துணி என்று பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று தோட்டங்கள் மலைக்கு அப்பால். ஏலச் செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரத்தில்தான் காய் இருக்கும். பொழுது முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். அவர்கள் திரும்பும்போது விளக்கு வைத்துவிடும். ஜீப் புறப்படும் நேரத்தில் வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறது. அது எழுந்திருக்கும்போது வீட்டில் பாட்டி இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அக்காக்காரிதான் அம்மா. அந்த அக்காவுக்கும் வயது எட்டோ ஒன்பதோ.

எட்டு மணி வாக்கில் அந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். சுய உதவிக்குழுப் பெண்கள் சமைத்து வைத்திருக்கிறார்கள்: ஒரு நாள் ரவை உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் வெண்பொங்கல், மேலே காய்கறிச் சாம்பார். சூடாக ஒரு கரண்டி விழுகிறது. மலையில் இருக்கும் தாய்க்கு அந்த நேரத்தில் பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்று தெரியும். எந்த நிவாரண முகாமும் எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாத நிம்மதி அது. பிச்சையாக இல்லாமல், நாளைக்கும் இருக்கும் என்ற உறுதியோடு வருகிற சோறு.

இனி மூன்றாவது கேள்வி. அந்தத் தாய் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்த் தங்கிவிட்டால்? அல்லது ஒரு நாள் மலையே அவர்களை விரட்டினால்?

2011 டிசம்பரில் அது நடந்தது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பயமும் பகையும் இரு மாநிலங்களிலும் மூண்டன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் மிரட்டலுக்கு அஞ்சி இரவோடு இரவாக இறங்கின. சாலையில் வர முடியாதவர்கள் காட்டுப்பாதையில் தேவாரம், போடி பக்கம் நடந்து வந்தார்கள், நூற்றுக்கணக்கில். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தப் பக்கத்திலும் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. அதையும் நாம் மறைக்கக் கூடாது. பதற்றம் தணிந்ததும் பெரியவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆண்டு நடுவில் பள்ளியை விட்டு ஓடிவந்த பிள்ளையின் படிப்பும் சாப்பாடும் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு நிலையான ஏற்பாடு இரண்டு மாநிலங்களிலும் இல்லை.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு. ஜீப் நின்றது, எல்லை மூடியது. மலையில் மாட்டிக்கொண்டவர்கள் மறுபடியும் காட்டுப்பாதையைப் பிடித்தார்கள். ராசிங்காபுரம் மலையில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் காட்டுத்தீயில் சிக்கியது; உயிரிழந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. நாடு முழுக்கப் பள்ளிகள் மூடியபோது சமைத்த சாப்பாடும் நின்றது. பிறகு அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அந்த இரவில் நடந்தது வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்தின் நாடற்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. பிள்ளைகளின் பெயரும் அந்தக் கணக்கில் இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுவில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மிக மோசமாகப் பட்டினி கிடந்தவர்கள் தோட்டத்து மக்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு இருக்கிறார்கள்.

இந்தச் சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பஞ்சமும் வெள்ளமும் கலவரமும் தொற்றும் வேறு வேறு. பிள்ளை பட்டினி கிடக்கும் காரணம் ஒன்றே. சோறு ஒரு முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது, பிள்ளையோ அந்த முகவரியில் இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. பின்னர் ஏலத்தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் ஏலமலையில் சின்னச் சின்னத் தோட்டங்களே ஏராளம். அங்கே 50 பெண்கள் ஒரே முதலாளியிடம் வேலை செய்வதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை வந்தபின் அரிசி எல்லை தாண்டுகிறது. தமிழ்நாட்டின் காலை உணவு தாண்டுவதில்லை. அங்கன்வாடிக்கான போஷன் டிராக்கர் செயலியில் பிள்ளையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றச் சொல்லிக் கேட்கப் பெற்றோருக்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஏட்டில் வசதி இருப்பதும் பிள்ளை வயிற்றுக்குச் சோறு போவதும் வேறு வேறு.

இன்று ஏலமலையில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்து லயங்களில் தங்கியிருக்கின்றன. பழங்குடிக் குடும்பங்கள் பல. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. தாய் காய் எடுக்கப் போனால் பிள்ளை லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நம் பாட்டி ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே வாசல். கண்டியிலும் மூணாற்றிலும் மலேயாவிலும் அந்நியப் பிள்ளையாக நின்ற அனுபவம் தமிழனுக்கு உண்டு. அப்போது யாராவது ஒரு தட்டுச் சோறு நீட்ட மாட்டார்களா என்று ஏங்கியவர்களின் வாரிசுகள் நாம். ஆகவே இந்தப் புதிய பிள்ளையின் பசிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே. எதிரியின் பிள்ளைக்கும் சோறு என்றவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். இவர்கள் நம் ஏலக்காயை எடுத்துத் தருகிறவர்களின் பிள்ளைகள்.

உலகம் போகிற போக்கும் நம்மை எச்சரிக்கிறது. 2024 ஆகஸ்டில் சூடானின் ஸம்ஸம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற வல்லுநர் குழு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் காசா நகரம் அடங்கிய பகுதிக்கும் அதே அறிவிப்பு வந்தது. காசாவில் எல்லைக்கு அந்தப் பக்கம் உணவு லாரிகள் நின்றன. இந்தப் பக்கம் பிள்ளைகள் எலும்பாய்ப் போனார்கள். விளைச்சல் இல்லாமல் வருகிற பஞ்சம் இன்று அரிது; கோட்டைத் தாண்டவிடாததால் வருகிற பஞ்சமே அதிகம். நம் மலைமுகட்டின் கோட்டை அந்தக் கோடுகளோடு ஒப்பிட முடியாது. இங்கே போர் இல்லை. இரு பக்கமும் மக்களாட்சி. இரு பக்கமும் பிள்ளைகளுக்குச் சோறு போடும் அரசுகள். அதனாலேயே நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து, காய் எடுப்புக் காலத்துக்கு முன்பே மலைக்கு வருகிற பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். எந்தப் பக்கத்து அங்கன்வாடியிலும் எந்தப் பக்கத்துப் பள்ளியிலும் எந்தக் காகிதமும் கேட்காமல் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குத் தட்டு வைக்க வேண்டும். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜீப் புறப்படுகிற ஊர்களில் விடியற்காலை ஐந்து மணி முதல் பள்ளி நேரம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். பள்ளிக்கு வராத கைப்பிள்ளைக்கு அந்நேரத்தில் ஒன்றுமில்லை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளில் செங்கல் சூளைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பருவகால விடுதிகள் நடத்திய முன்மாதிரி இருக்கிறது. போடியிலும் தேவாரத்திலும் அது ஏன் முடியாது?

மலையில், ஐந்தாறு சிறு தோட்டங்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக் காப்பகம் நடத்தலாம். பணம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடப்பது போடியிலும் புற்றடியிலும்தான். விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் மிகச் சிறிய ஒரு தொகையை மலைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கினால் வியாபாரிக்கும் வலிக்காது, விவசாயிக்கும் வலிக்காது. எல்லை மூடினால், காடு எரிந்தால், மண் சரிந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்: எந்தச் சத்துணவுக் கூடம் முதலில் அடுப்பு மூட்டும், எந்தப் பாதையில் எந்த வண்டி போகும், இறங்கி வருகிற பிள்ளையை யார் பதிவு செய்வது. பஞ்ச விதிகளை வெள்ளைக்காரன் எழுதியது 55 லட்சம் சாவுக்குப் பிறகு. நாம் சாவுக்கு முன்பே எழுதலாம்.

நமக்குச் சமைக்கத் தெரியும். கணக்கு வைக்கத் தெரியும். பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறியும் பழகியிருக்கிறோம். இந்த அறிவை மலைமுகடு வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டோம். அதை இன்னும் சில மைல் தூரம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவே. இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் தொடங்கக்கூடிய வேலை இது. அடுத்த காய் எடுப்புக்கு முதல் ஜீப் ஏறுவதற்குள் அது தொடங்கட்டும்.